கணவாய்க்கு எது நிறம்?

தூத்துக்குடியில் மீன்வளம் படிக்கிற என் தம்பி மகன், ஒரு நாள் விடியற்காலையில் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பிக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனான். கதை எழுதுகிறவர்கள் கடலைப் பற்றி எழுதினால் அலையையும் நிலாவையும் தவிர வேறொன்றையும் எழுதுவதில்லை என்பது அவனுடைய நெடுநாள் குறை. நியாயமான குறைதான். நானும் இருபது வருஷமாக அந்த அலையையும் நிலாவையும் வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

வள்ளங்கள் கரை சேர்ந்திருந்தன. ஏலம் இன்னும் ஆரம்பமாகவில்லை. ஓர் அம்மாள் தன் கூடைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். கூடை நிறைய ஊசிக்கணவாய். பார்த்தவுடன் பிரமாதமாக ஒன்றும் தோன்றவில்லை. வழவழவென்று வெளுத்துக் கிடந்தன, அவ்வளவுதான். பையன் அந்த அம்மாளிடம் கேட்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்.

"நல்லா உத்துப் பாருங்க, பெரியப்பா" என்றான். 

பார்த்தேன். அந்த வெள்ளைத் தோலின் மேல் கடுகு தெறித்தாற்போல் செம்பழுப்புப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் சும்மா இருக்கவில்லை. ஒன்று விரிந்தது. அதன் பக்கத்தில் இருந்தது சுருங்கி மறைந்தது. சற்றுத் தள்ளி நாலைந்து சேர்ந்தாற்போல் மலர்ந்து, மங்கி, மறுபடி மலர்ந்தன. தூறல் விழுகிற குளத்துப் பரப்பைப் போல அந்தச் சின்ன உடம்பு முழுவதும் நிறம் தோன்றித் தோன்றி மறைந்துகொண்டிருந்தது.

"உயிர் இருக்கிறதா இதற்கு?"

"உயிர் போயிட்டு, பெரியப்பா. நெறத்துக்குத்தான் இன்னும் தகவல் போகல."

நான் இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்போடு நிறுத்திக்கொண்டவன். அந்த இரண்டு வருஷத்திலும் விஞ்ஞானம் என் பக்கம் வரவில்லை. நானும் அதன் பக்கம் போகவில்லை. ஆகவே எனக்குத் தோன்றிய கேள்வி ஒரு பாமரனுடைய கேள்வி. "சரி, இதனுடைய நிஜமான நிறம் எது?" என்று கேட்டேன்.

பையன் சிரித்தான். "அப்படி ஒண்ணு இருக்குன்னு யார் சொன்னா உங்களுக்கு?"

அந்தப் பதில் என்னோடு ஊருக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் கொடுத்த புத்தகங்களையும் அனுப்பி வைத்த கட்டுரைகளையும் புரிந்த மட்டும் படித்தேன். புரியாததை அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்தக் கட்டுரையில் இருக்கிற விஞ்ஞானம் அவன் தயவு. அதிலிருந்து நான் போய் விழுந்த பள்ளம் மட்டும் என்னுடையது.

நம் கடற்கரைக்காரர்கள் இந்த இனத்தில் மூன்றைப் பிரித்துச் சொல்வார்கள். நீண்டு ஒல்லியாக இருப்பது ஊசிக்கணவாய். தட்டையாக, உடம்புக்குள்ளே ஓர் ஓடு வைத்திருப்பது ஓட்டுக்கணவாய். எட்டுக் கைகளோடு பாறை இடுக்கில் குடியிருக்கிற ஆக்டோபஸ், பேய்க்கணவாய். மீனோடு சேர்த்து விற்கப்படுகிறதே ஒழிய இவற்றில் எதுவும் மீன் இல்லை. சங்குக்கும் முத்துச்சிப்பிக்கும் நத்தைக்கும் இவை பங்காளிகள். பங்காளிகள் எல்லாரும் வீட்டை முதுகில் சுமந்துகொண்டு பத்திரமாக இருக்க, இவை மட்டும் எந்தக் காலத்திலோ வீட்டைத் துறந்துவிட்டு வெளியேறிவிட்டன. நாட்டு மருந்துக் கடையில் 'கடல்நுரை' என்று கேட்டால் வெள்ளையாக, லேசாக ஒரு வஸ்து கொடுப்பார்களே, அது நுரையல்ல. ஓட்டுக்கணவாய் விட்டுவந்த அந்தப் பழைய வீட்டின் மிச்சம். உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு மிதப்பதற்கு அதை உபயோகித்துக்கொள்கிறது.

ஓடு இல்லை, முள் இல்லை, செதில் இல்லை. கடலில் பல் படைத்த ஜீவன் எல்லாவற்றுக்கும் இது ருசியான பண்டம். இப்படி ஒரு பிராணி எப்படி உயிரோடு இருப்பது? இல்லாதது போல் இருப்பதுதான் வழி.

அதன் தோலில் இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் விரிந்து சுருங்கக்கூடிய ஒரு சின்ன நிறப்பை. அதைச் சுற்றி, சக்கரத்தின் ஆரக்கால்கள் போலப் பதினைந்து இருபது தசைநார்கள். தசை இழுத்தால் பை விரியும், நிறம் தெரியும். தசை தளர்ந்தால் பை சுருங்கும், நிறம் மறையும். இந்தத் தசைகளுக்கு மூளையிலிருந்து நேராக நரம்பு வருகிறது. அதனால்தான் கண்மூடித் திறப்பதற்குள் உடம்பு முழுவதும் வேறாகிவிடுகிறது. இந்தப் பைகளுக்கு அடியில் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற அணுக்கள் வேறு, கண்ணாடித் துண்டுகள் போல. போதாததற்குத் தோலையே முட்களாகவும் பருக்களாகவும் எழுப்பிப் பாசி போலவும் பவளம் போலவும் ஆக்கிக்கொள்ளும். ரோஜர் ஹான்லன் என்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் கரீபியன் கடலில் எடுத்த ஒரு படத்தைப் பையன் கைபேசியில் காட்டினான். பாறையில் படர்ந்த ஒரு பாசிப் புதர். காமிரா நெருங்குகிறது. நெருங்கி அருகில் போனவுடன் புதரில் ஒரு பாதி சட்டென்று வெளுத்து, கண் திறந்து, மையைக் கக்கிவிட்டு ஓடுகிறது! நான் அதை ஏழெட்டுத் தடவை பார்த்தேன். ஓடிய பிறகுதான் அது அங்கே இருந்தது தெரிகிறது. ஒரு தடவைகூட, ஓடுவதற்கு முன்னால் என்னால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இவ்வளவு வர்ண வித்தை செய்கிற இந்தப் பிராணிகளில் அநேகமாக எல்லாவற்றுக்கும் வர்ண பேதம் தெரியாது. அவற்றின் கண்ணில் ஒரே வகை நிறமிதான் இருக்கிறது. தனக்குத் தெரியாத நிறத்தை அது பிறர் கண்ணுக்காக உடுத்திக்கொள்கிறது. எப்படிச் செய்கிறது என்பதைப் பற்றி விஞ்ஞானிகளுக்குள் இன்னும் விவாதம் இருக்கிறது. 2015-ல் கலிபோர்னியாவில் இன்னொன்று கண்டார்கள்: உடம்பிலிருந்து வெட்டியெடுத்த ஆக்டோபஸ் தோல், கண்ணும் மூளையும் இல்லாமலே, வெளிச்சம் பட்டவுடன் நிறப்பைகளை விரிக்கிறது. தோலுக்கே கொஞ்சம் பார்வை உண்டு போலிருக்கிறது.

அரிஸ்டாட்டிலுக்கே இந்த நிறமாற்றம் தெரியும். பக்கத்திலிருக்கும் கல்லின் நிறத்தை ஏற்று ஆக்டோபஸ் இரை பிடிக்கிறது என்றும், பயந்தாலும் அப்படிச் செய்கிறது என்றும் எழுதி வைத்திருக்கிறார். அதே மூச்சில், தண்ணீருக்குள் கையை விட்டால் அருகில் வந்துவிடுகிறது, ஆகவே அது ஒரு மடப்பிராணி என்றும் சொல்லிவிட்டார். நம்பி அருகில் வருவது மடத்தனம் என்று அந்த மகானுக்கே தோன்றியிருக்கிறதே என்று எனக்கு ஒரு வருத்தம். கிரேக்கர்களில் தியோக்னிஸ் என்ற பழைய புலவர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். பழகுகிற நண்பனுக்குத் தக்கபடி ஆக்டோபஸைப் போல் குணத்தை மாற்றிக்கொள் என்பது அவர் செய்த உபதேசம்.

நம் ஊரில் யாராவது இப்படி உபதேசம் செய்தால் விடுவோமா? நாம் பச்சோந்தியைத் திட்டிப் பழகியவர்கள். மேடையில் ஒருவரை ஒருவர் பச்சோந்தி என்று சொல்லிக்கொள்ளாத தேர்தல் உண்டா? இதில் பச்சோந்திக்கு நாம் செய்கிற அநியாயம் ஒன்று இருக்கிறது. அது நிறம் மாறுவது பெரும்பாலும் ஒளிந்துகொள்வதற்காக அல்ல. தன் இனத்தானுக்குக் கோபத்தையும் ஆசையையும் தெரிவிப்பதற்காகவும், வெயிலை ஏற்கவும் தள்ளவும்தான் என்கிறார்கள். மனத்தில் இருப்பதை முகத்தில் காட்டுகிற ஒரு பிராணியை வேஷக்காரன் என்று வைதுகொண்டிருக்கிறோம்! நிஜ வேஷக்காரன் கடலுக்கடியில் இருந்ததால் நம் வாயிலிருந்து தப்பிவிட்டான்.

சுலவேசித் தீவுக் கடலில் 1998-ல் ஓர் ஆக்டோபஸைக் கண்டுபிடித்தார்கள். அது கைகளைச் சேர்த்துத் தட்டையாக்கி மணலோடு ஊர்ந்தால் நாக்கு மீன். விரித்து மிதந்தால் விஷமுள்ள சிங்கமீன். ஆறு கைகளைப் பொந்துக்குள் விட்டுவிட்டு, கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கைகளை மட்டும் எதிரெதிராக நீட்டினால் கடல்பாம்பு. தன்னைக் கடிக்க வருகிற ஒரு சின்ன மீனைப் பார்த்தபோதுதான் அது பாம்பாகியது என்று பார்த்தவர்கள் எழுதுகிறார்கள்.

இதையெல்லாம் படித்தபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. பயந்த ஜீவன் பாம்பு வேஷம் போடுவதில் என்ன தப்பு? பசித்த ஜீவன் பாறை வேஷம் போடுவதிலும் தப்பில்லை. புலியின் வரியை நாம் பொய் என்று சொல்வதில்லையே! இந்தச் சந்தோஷத்தோடு புத்தகத்தை மூடியிருந்தால் இந்தக் கட்டுரை கடலைப் பற்றிய ஒரு நல்ல கட்டுரையாக முடிந்திருக்கும். பையன் இன்னொன்றை அனுப்பி வைத்தான்.

ஆஸ்திரேலியாவின் கீழைக் கடலில் ஓர் ஓட்டுக்கணவாய் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குத் துக்கம் காக்கிற கணவாய் என்று பொருள்படும்படி பெயர் வைத்திருக்கிறார்கள். சிட்னி நகரத்து மக்வாரி பல்கலைக்கழகத்தில் கலம் பிரௌன் என்பவரும் அவருடைய சகாக்களும் அதைக் கவனித்து 2012-ல் எழுதினார்கள். ஆண் பெண்ணிடம் காதல் சொல்லும்போது அதன் உடம்பில் வரி வரியாகக் கோடுகள் துடிக்கும். பெண்ணின் உடம்பிலோ கோடு கிடையாது. திட்டுத் திட்டாக இருக்கும். இப்போது ஓர் ஆண் ஒரு பெண்ணுக்கும், போட்டிக்கு வந்த இன்னோர் ஆணுக்கும் நடுவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது என்ன செய்கிறது தெரியுமா? பெண் இருக்கிற பக்கத்து உடம்பில் காதலின் கோடுகளை ஓட விடுகிறது. போட்டிக்காரன் பார்க்கிற பக்கத்தில், அதே நேரத்தில், பெண்ணின் திட்டுகளைக் காட்டுகிறது. அந்தப் பக்கத்துக்காரன் இங்கே இரண்டு பெண்கள் இருப்பதாக நினைத்துக்கொண்டு சும்மா இருக்கிறான். இந்தப் பக்கத்தில் கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது!

எப்போதும் இப்படிச் செய்வதில்லை. ஒரு பெண்ணும் ஒரே ஒரு போட்டிக்காரனும் இருந்த சந்தர்ப்பங்களில், நூற்றுக்கு நாற்பதுக்குச் சற்றுக் குறைவாகத்தான் செய்தது. இரண்டு போட்டிக்காரர்கள் இருந்தால் செய்யவே இல்லை. இரண்டு பேர் இரண்டு கோணத்திலிருந்து பார்த்தால் குட்டு உடைந்துவிடும் என்பதால் இருக்கலாம் என்கிறார்கள்.

இதைப் படித்துக்கொண்டிருந்தவன் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு அந்தக் கணவாயைத் தெரியும். எனக்கு அது பழக்கமானது ஒரு கல்யாணப் பந்தியில்.

பன்னிரண்டு வருஷம் இருக்கும். எனக்கு ஒரு சிநேகிதன். பெயர் வேண்டாம். பள்ளிக்கூட நாள் முதல் பழக்கம். நான் எழுதிய முதல் கதையைப் படித்தவன் அவன்தான். அவன் நாலு வருஷம் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினான், எங்கள் ஊர்ச் சந்தையை வைத்து. எனக்குப் பழக்கமான ஒரு பதிப்பாளரிடம் கொடுத்திருந்தான். அவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். படித்தேன். நாவலில் தொய்வு இருந்தது; உண்மை. நடுவில் அறுபது பக்கம் தேவையில்லை, அதுவும் உண்மை. ஆனால் சந்தையில் மாடு விற்றுவிட்டுத் தும்பை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கிழவன் வீட்டுக்கு நடந்துபோவதாக ஓர் அத்தியாயம் இருந்தது. அதைப் போல ஒன்றை நான் இன்றுவரை எழுதவில்லை. அந்தச் சமயத்தில் நானும் அதே சந்தையை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். பதிப்பாளரிடம் தொய்வைச் சொன்னேன், அறுபது பக்கத்தைச் சொன்னேன். கிழவனைச் சொல்லவில்லை. "இப்போதைக்கு வேண்டாம்" என்று முடித்துவிட்டேன்.

சிநேகிதனிடம், "பிரமாதமாக எழுதியிருக்கிறாயப்பா, அவர்களுக்கு ரசனை போதாது" என்றேன்.

அடுத்த மாசம் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு இடது பக்கம் சிநேகிதன். வலது பக்கம், யாரோ எழுந்துபோன இலையில், அந்தப் பதிப்பாளர் வந்து உட்கார்ந்துவிட்டார். இருவருக்கும் நேரில் அறிமுகம் இல்லை. மைக் செட்டில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருப்பவன் பேசுவது பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும்தான் கேட்கும். இடது காதில் இவன், தான் எழுத்தையே விட்டுவிடலாமா என்று யோசிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வலது காதில் அவர், "நீங்கள் அன்றைக்குச் சொன்னது ரொம்பச் சரி, நல்ல வேளை தப்பித்தேன்" என்று சிரித்துக்கொண்டிருந்தார். நான் இடது பக்கம் திரும்பும்போது முகம் வாடிற்று. வலது பக்கம் திரும்பும்போது மலர்ந்தது. ஒரு தடவை திரும்பாமலே, இலையைப் பார்த்தபடியே, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு 'உம்' போட்டேன். இடது பக்கத்தில் அது அனுதாபம். வலது பக்கத்தில் அது ஆமோதிப்பு. பாயசம் வந்தது, சாப்பிட்டேன்.

சிநேகிதன் அதற்குப் பிறகு எழுதவில்லை. என் நாவல் வெளிவந்து நல்ல பெயர் வாங்கிற்று.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், அந்தக் கட்டுரையைப் படித்தவுடன் என் மனம் செய்த முதல் காரியம், கணவாயைச் சாட்சிக்கு அழைத்ததுதான். பார், இயற்கையே இப்படி. உயிர் என்று ஒன்று இருந்தால் இரண்டு பக்கம் உண்டு. இதில் பெரிதாகக் குமைந்துபோக என்ன இருக்கிறது? நம்மைப் போன்றவர்களுக்கு இயற்கையைத் துணைக்கு அழைப்பதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. சிங்கத்திடமிருந்து வீரத்தை எடுத்துக்கொள்வோம். அது பிறன் குட்டியைக் கொல்வதை விட்டுவிடுவோம்.

பையன் வந்திருந்தபோது, கதையைச் சொல்லாமல் கேள்வியை மட்டும் கேட்டேன். "ஏண்டா, கணவாய் செய்வது பொய்யா?"

"பொய்ன்னா அதுக்குத் தெரியணும்லா, பெரியப்பா?" என்றான்.

இது எல்லாரும் சொல்கிற பதில். அறிந்து செய்தால் பொய், அறியாமல் செய்தால் இயற்கை. ஆனால் இந்தப் பதிலை அந்தக் கணவாய் கொஞ்சம் கெடுத்துவிடுகிறது. ஒரு போட்டிக்காரன் இருந்தால் செய்கிறது, இரண்டு பேர் இருந்தால் விட்டுவிடுகிறது என்றால், எண்ணிப் பார்க்கிற மாதிரி ஏதோ ஒன்று உள்ளே நடக்கிறது. அதற்கு 'அறிவு' என்று பெயர் வைப்பதா வேண்டாமா என்று விஞ்ஞானிகள் சண்டை போடட்டும். நான் பந்தியில் எவ்வளவு அறிந்து செய்தேன் என்று கேட்டால், அதுவும் சந்தேகம்தான். முகம் தானாகத்தான் வாடிற்று. தானாகத்தான் மலர்ந்தது. வெட்டியெடுத்த தோலைப் போல.

வள்ளுவரையும் கொஞ்ச நாள் கையில் வைத்திருந்தேன். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யையும் வாய்மையோடு வைக்கலாம் என்று அவர் ஒரு சலுகை கொடுத்திருக்கிறார் அல்லவா? அவன் மனம் நோகாதிருக்கத்தானே பிரமாதம் என்றேன்! இந்தச் சலுகையை உபயோகிக்கிறவர்கள் எல்லாரும் 'நன்மை' வரைக்கும் படிக்கிறோம். குற்றமற்ற என்ற சொல் நம் கண்ணில் படுவதில்லை. வள்ளுவருக்கு அறுபது பக்கம் வெட்ட வேண்டியிருந்தாலும் அந்த ஒரு சொல்லை வெட்டியிருக்க மாட்டார்.

பிறகு எனக்கு ஒரு வித்தியாசம் தெரிந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் வையாலா என்கிற ஊருக்குப் பக்கத்தில், ஒவ்வொரு வருஷமும் அங்கே குளிர்காலமாகிற மே மாசம் முதல், பிரம்மாண்டமான ஓட்டுக்கணவாய்கள் ஆயிரக்கணக்கில் கூடுகின்றன. ஒரு பெண்ணுக்கு நாலு ஆண், சில சமயம் பத்து ஆண்கூட. பெரிய ஆண் காவல் நிற்கும். சின்ன ஆண் கைகளை மடக்கி, முட்டையிடப் போகிற பெண்ணைப் போல் பாவனை செய்துகொண்டு காவலைத் தாண்டிப் போய்விடும். இதையும் ஹான்லன் குழுவினர் 2005-ல் எழுதியிருக்கிறார்கள். ஏமாந்த அந்தக் காவல்காரன் யாரை நம்பினான்? தன் கண்ணை நம்பினான். எதிரில் வந்த சின்னவனை அவன் நம்பவில்லை. நம்பும்படி அவர்களுக்குள் எந்த உறவும் கிடையாது. இந்த இனத்தில் யாரும் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. ஆக்டோபஸ் தாய் முட்டைக்குக் காவல் இருந்து, சாப்பிடாமல் கிடந்து, குஞ்சு பொரிகிற வேளையில் செத்துப்போகிறாள். கலிபோர்னியாவில் மான்டரே விரிகுடாவின் ஆழத்தில், 1,400 மீட்டருக்குக் கீழே, ஒரு தாய் 2007-லிருந்து 2011 வரை 53 மாசம் முட்டைகளை விட்டு நகராமல் இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் குஞ்சுகள் தாயோடு ஒரு நாள் வாழ்வதில்லை. பிறக்கும்போதே அநாதை, பெரும்பாலும் ஓரிரண்டு வருஷ ஆயுசு, சிநேகிதன் என்று ஒருவன் இல்லை. முதல் கதையைப் படித்துக் காட்ட ஆள் இல்லை.

என் சிநேகிதன் தன் கண்ணை நம்பி ஏமாறவில்லை. என்னை நம்பி ஏமாந்தான். கண்ணை நம்புகிறவன் ஏமாந்தால் அடுத்த தடவை கண்ணைக் கூர்மையாக்கிக்கொள்ளலாம். ஆளை நம்பி ஏமாந்தவன் எதைக் கூர்மையாக்கிக்கொள்வான்?

சரி, கணவாய் வேறு, நான் வேறு என்று இத்தோடு வழக்கு முடிந்தது என்றுதான் நினைத்தேன். குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்கு ஒரு நிம்மதி வருமே, அதுகூட வந்தது. ஆனால் அந்த நிம்மதிக்கு அடியில் ஒன்று ஒளிந்திருந்தது. அது எனக்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. 'செய்தது தப்புத்தான், ஆனால் உள்ளூர நான் அவனுக்கு நல்ல சிநேகிதன்' என்பதுதான் அது. பந்தியில் காட்டிய இரண்டு முகமும் வேஷம். இரண்டுக்கும் அடியில் என் நிஜ முகம் ஒன்று பத்திரமாக இருக்கிறது, அது கெட்டுப்போகவில்லை என்று நான் பன்னிரண்டு வருஷமாக நம்பி வந்திருக்கிறேன். தனியாக இருக்கும்போது அவனுக்காக வருத்தப்பட்டிருக்கிறேன். யாரும் பார்க்காதபோது வருகிற வருத்தம் நிஜமாகத்தானே இருக்க வேண்டும்?

இங்கேயும் அந்தப் பேய்க்கணவாய் வந்து நின்றது.

ஆக்டோபஸ் தூங்குகிறது. தூங்கும்போது உடம்பு வெளுத்து, கண் பாவை கோடாகச் சுருங்கி, அசையாமல் கிடக்கும். இதைப் பார்த்தவுடன், 'அப்பாடா, இதுதான் இதன் நிஜ நிறம்!' என்று நான் மகிழ்ந்தேன். ஆனால் 2021-ல் பிரேசிலில் உள்ளவர்கள் இந்தத் தூக்கத்தை உட்கார்ந்து பார்த்தபோது, வெளுத்துக் கிடந்த உடம்பில் இடையிடையே நிறங்கள் புரண்டு எழுவதைக் கண்டார்கள். 2023-ல் ஜப்பானில் ஒகினாவாத் தீவில் மூளையின் அசைவுகளையும் சேர்த்துப் பதிவு செய்தார்கள். சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஏறக்குறைய ஒரு நிமிஷம், தூங்குகிற ஆக்டோபஸின் தோல் விழித்திருக்கும்போது அணிகிற கோலங்களை அணிந்து அணிந்து களைகிறதாம். மூளையும் அந்த நிமிஷத்தில் விழித்திருக்கிற மாதிரி வேலை செய்கிறதாம். அது கனவா என்று அவர்கள் நிச்சயமாகச் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

எதிரே பகைவன் இல்லை. இரை இல்லை. பெண் இல்லை. ஏமாற்ற வேண்டிய கண் ஒன்றுகூட இல்லை. அப்போதும் அது நிறம் மாறுகிறது. அந்த வெள்ளை? வெள்ளை என்பது தசைகள் வேலை செய்யாமல் தளர்ந்திருக்கிற நிலை. கூடையில் கடைசியாக வரப்போவதும் அந்த வெள்ளைதான். அதை நிஜ நிறம் என்று சொன்னால், சும்மா கிடப்பவனையும் செத்தவனையும்தான் நிஜமானவன் என்று சொல்ல வேண்டிவரும். பையன் கடற்கரையில் சொன்னது இதைத்தான்.

அப்படியானால் என்னுடைய உள்ளே இருக்கிற நல்ல சிநேகிதன் எங்கே இருக்கிறான்? இடது பக்கம் வாடியது நான். வலது பக்கம் மலர்ந்ததும் நான். ராத்திரி தனியாகப் படுத்துக்கொண்டு வருத்தப்பட்டது மூன்றாவதாக ஒரு நிறம். அதுவும் நான்தான், ஆனால் மற்ற இரண்டையும்விட அதிக நிஜம் என்று சொல்ல அதற்கு ஒரு தகுதியும் இல்லை. யாரும் பார்க்காதது அதற்கு ஒரு யோக்யதாம்சமாக இத்தனை நாள் எனக்குத் தோன்றியிருக்கிறது. கதாபாத்திரங்களை நான் எழுதும்போது இந்தச் சலுகையைக் கொடுத்துவிடுவது என் வழக்கம். கொடியவன் ஒருவனைக் கடைசி அத்தியாயத்தில் தனியாக உட்கார வைத்து அழவிட்டுவிடுவேன். வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள், மனசு இளகிப்போயிற்று என்று. அவன் யாருக்குக் கெடுதல் செய்தானோ அவனுக்கு அந்த அழுகை போய்ச் சேர்ந்ததா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

போன மாசம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். சிநேகிதன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் காகிதம், நோட்டுப் புத்தகம் விற்கிற கடை வைத்திருக்கிறான். நகல் எடுக்கிற இயந்திரம் ஒன்றும் இருக்கிறது. தலை நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்தவுடன் எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, பக்கத்துக் கடைப் பையனைக் கூப்பிட்டுத் தேநீர் சொன்னான். சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானம் செய்துகொண்டுதான் போயிருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள், வரைபடம் கேட்டார்கள், கொடுத்தான். ஆதார் அட்டையை நகல் எடுக்க ஒரு கிழவர் வந்தார். நான் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"இப்ப என்னப்பா எழுதறே?" என்று கேட்டான்.

"கணவாயைப் பற்றி ஒரு கட்டுரை."

"கணவாயைப் பத்தியா! அதில் எழுத என்ன இருக்கு?"

நான் ஏதோ சொன்னேன். நிறம் மாறுவதைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். தூக்கத்தைப் பற்றிச் சொன்னபோது அவன் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டான். கிழவன் தும்போடு நடந்துபோன அத்தியாயத்தை எழுதியவன் அல்லவா, அவனுக்கு எங்கே நின்று கேட்க வேண்டும் என்று தெரிகிறது. "வரட்டும், படிக்கிறேன்" என்றான்.

மேஜை மேல், ரசீதுப் புத்தகத்துக்கு அடியில், இந்தப் பத்திரிகையின் போன வாரத்து இதழ் இருந்தது. வாரம் தவறாமல் வாங்குகிறான். எங்கள் ஊருக்கு அது வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்துவிடும்.